நாவுக்கு வேலி – 5: ஒரே நாள், இரண்டு உத்தரவுகள்

1950 மார்ச் 1, புதன்கிழமை. இந்தியா குடியரசாகி முப்பத்து நான்கு நாட்களே ஆகியிருந்தன. அன்றைய தேதியிட்டு சென்னை ராஜ்ய அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. பம்பாயில் அச்சாகும் ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில வார இதழ் இனி சென்னை ராஜ்யத்துக்குள் நுழையக் கூடாது. எங்கும் விற்கக் கூடாது, விநியோகிக்கவும் கூடாது. செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் வெளியாகும் நாளிலிருந்து தடை அமலுக்கு வரும்.

அதே மார்ச் 1. அதே அரசாங்கம். சிறையில் இருந்த ஒரு மனிதரிடம் இன்னோர் உத்தரவு கொடுக்கப்பட்டது. 1947 டிசம்பரிலிருந்தே அவர் காவலில் இருந்தார். ஒரு உத்தரவு தளர்ந்தால் அடுத்த உத்தரவு வரும். இந்த முறை, நாடாளுமன்றம் அப்போதுதான் நிறைவேற்றியிருந்த தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் புது உத்தரவு. அவர் பெயர் ஏ.கே.கோபாலன். மலபாரின் விவசாயிகளுக்கு ‘ஏ.கே.ஜி.’

ஒரு பத்திரிகை, ஒரு மனிதர். இருவர் தரப்பும் புதிதாகப் பிறந்த உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. இரண்டு வழக்கையும் கேட்டவர்கள் அதே ஆறு நீதிபதிகள். இரண்டிலும் சென்னைக்காக வாதாடியவர் அதே அட்வகேட் ஜெனரல். ஏழே நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகளும் வந்தன. ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார்.

சென்ற வாரம், அரசியல் நிர்ணய சபையில் பேச்சுரிமைக்கான விதிவிலக்குப் பட்டியலிலிருந்து ‘ராஜதுரோகம்’ என்ற சொல்லை கே.எம்.முன்ஷி நீக்க வைத்த 1948 டிசம்பர் நாட்களோடு நிறுத்தியிருந்தோம். அந்த நீக்கத்துக்கு என்ன மதிப்பு என்பது இந்த இரண்டு உத்தரவுகளால்தான் தெரியவந்தது.

*

முதலில் சென்னை அரசாங்கத்தின் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

முதலமைச்சர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. ராஜபாளையத்துக்காரர், காந்தியவாதி, சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1948-ல் கல்கத்தாவில் கூடிய கம்யூனிஸ்ட் கட்சியின் இரண்டாவது மாநாடு, கிடைத்த சுதந்திரத்தையே ஏற்க மறுத்து ஆயுதப் போராட்டப் பாதையை எடுத்திருந்தது. பக்கத்தில் தெலங்கானா எரிந்துகொண்டிருந்தது. அன்றைய சென்னை ராஜ்யத்தில் ஆந்திரக் கடலோரமும் மலபாரும் சேர்ந்தே இருந்தன. இரண்டு முனையிலும் கட்சிக்கு வேர் இருந்தது. கட்சி தடை செய்யப்பட்டது. தலைவர்களில் பாதிப் பேர் சிறையில், மீதிப் பேர் தலைமறைவில்.

1950 பிப்ரவரி 11 அன்று, அதாவது இந்த உத்தரவுகளுக்குச் சரியாகப் பதினெட்டு நாள் முன்பு, சேலம் மத்திய சிறைக்குள் துப்பாக்கிச் சூடு நடந்தது. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். பூட்டிய மதிலுக்குள், ஆயுதம் இல்லாத கைதிகள்! அரசியல் சட்டம் அமலுக்கு வந்து பதினேழாவது நாளில் நடந்தது இது. இன்றைக்கும் சேலத்தில் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். மற்ற ஊர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நம் பள்ளிப் பாடங்களில் ஜாலியன்வாலா பாக் இருக்கிறது. சேலம் சிறை இல்லை. இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அரசாங்கம் அஞ்சியது, அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் அஞ்சுகிற அரசாங்கம் எந்தக் கருவியைக் கையில் எடுக்கிறது என்பதுதான் கேள்வி. சென்னை எடுத்தது, 1949-ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம். அதன் 9-வது பிரிவில் ஓர் உட்பிரிவு: பொதுப் பாதுகாப்புக்காகவோ பொது ஒழுங்குக்காகவோ அவசியம் என்று அரசாங்கம் திருப்தி அடைந்தால், எந்த அச்சுப் பிரதியையும் மாகாணத்துக்குள் வரவிடாமல் தடுக்கலாம். அரசாங்கம் திருப்தி அடைந்தால் போதும். நீதிபதியிடம் நிரூபிக்க வேண்டியதில்லை.

இந்தத் தொடரைத் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இந்த இடத்தில் நெஞ்சு சுருக்கென்றிருக்கும். பாரதியின் ‘இந்தியா’ இதழுக்கு நேர்ந்ததும் இதுதான். சென்னையில் இருக்க முடியாமல் 1908-ல் புதுச்சேரிக்குப் போன அந்த இதழை, பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையவிடாமல் தடுத்தார்கள். 1910-ல் அது நின்றுபோனது. எழுதுகிறவரைப் பிடிக்க முடியாவிட்டால் எழுத்து வருகிற வழியை அடை என்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த உபாயம். நாற்பது ஆண்டு கழித்து, அவனால் சிறை வைக்கப்பட்டவர்களின் அரசாங்கம் அதே உபாயத்தை அதே கோட்டையில் உட்கார்ந்து எடுத்தது.

*

‘கிராஸ் ரோட்ஸ்’ இதழின் ஆசிரியர், வெளியிடுபவர், அச்சிடுபவர் எல்லாமே ஒருவர்தான்: ரொமேஷ் தாப்பர். லாகூரில் பிறந்தவர், முப்பது வயதுகூட ஆகாதவர். வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பரின் அண்ணன். இதழ் அப்போதுதான் தொடங்கியிருந்தது. இடதுசாரிக் குரல். நேரு அரசாங்கத்தின் கொள்கைகளை வாரந்தோறும் காய்ச்சி எடுத்தது.

பெரிய பத்திரிகையாக இருந்தால் ஒருவேளை யாரோ யாரிடமோ பேசி விஷயத்தை முடித்திருப்பார்கள். தாப்பருக்கு அப்படி ஆள் பலம் இல்லை. அரசியல் சட்டத்தின் 32-வது பிரிவு மட்டும் இருந்தது. அடிப்படை உரிமை பறிக்கப்பட்டால் எந்தக் குடிமகனும் நேரே உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்று சொல்லும் பிரிவு. அரசியல் சட்டத்தின் இதயம் என்று அம்பேத்கர் கருதிய பிரிவு. அதைப் பிடித்துக்கொண்டு தாப்பர் டெல்லிக்குப் போனார்.

அன்றைய உச்ச நீதிமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. நாடாளுமன்ற வளாகத்தில், முன்பு சமஸ்தான மன்னர்கள் கூடிய மண்டபத்தில்தான் நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். சட்டம் இயற்றுபவர்களும் சட்டத்தைச் சோதிப்பவர்களும் ஒரே கூரையின் கீழ். மொத்தம் ஆறு நீதிபதிகள். தலைமை நீதிபதி ஹரிலால் கனியா, ஃபசல் அலி, பதஞ்சலி சாஸ்திரி, மெஹர் சந்த் மகாஜன், பி.கே.முகர்ஜி, எஸ்.ஆர்.தாஸ்.

இவர்களில் பதஞ்சலி சாஸ்திரி நம்மூர்க்காரர். சமஸ்கிருதப் பண்டிதரின் மகன். வருமான வரி வழக்குகளில் பேர் வாங்கி, 1939-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனவர். வரிச் சட்டத்தில் தேர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சட்டத்தில் சொல்லாத வரியைக் கேட்காதே, சொன்ன வரியை விடாதே என்று வாசிப்பார்கள். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாப்பருக்காக வாதாட எழுந்தவர் சி.ஆர்.பட்டாபிராமன். சர் சி.பி.ராமசாமி அய்யரின் மகன். பின்னாளில் கும்பகோணத்தின் காங்கிரஸ் எம்.பி., மத்திய அமைச்சர். கம்யூனிஸ்ட் அனுதாபி ஒருவரின் பத்திரிகைக்காக அவர் வாதாடினார். சென்னைக்காக எதிரில் நின்றவர் அட்வகேட் ஜெனரல் கே.ராஜா அய்யர்.

எடுத்த எடுப்பிலேயே ராஜா அய்யர் ஒரு தடையைக் குறுக்கே வைத்தார். பம்பாய்க்காரரோ யாரோ, தடை போட்டது சென்னை. சென்னையில் உயர் நீதிமன்றம் இருக்கிறது, இதே நிவாரணம் கொடுக்க அதற்கும் அதிகாரம் இருக்கிறது. முதலில் அங்கே போகாமல் இங்கே எப்படி வரலாம்?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீதிபதிகள் இதை ஏற்றிருந்தால், ஒவ்வொரு சின்னப் பத்திரிகையும் படிப்படியாக ஏறி உச்சிக்கு வருவதற்குள் மூச்சு நின்றிருக்கும். ஆறு பேரின் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. அடிப்படை உரிமைகளின் காவலனாக அரசியல் சட்டமே இந்த நீதிமன்றத்தை நிறுத்தியிருக்கும்போது, வேறு கதவைத் தட்டிவிட்டு வா என்று இது சொல்ல முடியாது என்றார்கள். இன்று அடிப்படை உரிமைக்காக நேரே உச்ச நீதிமன்றம் போகிற யாரும், தெரிந்தோ தெரியாமலோ, இந்த வழக்கில் திறந்த கதவு வழியாகத்தான் போகிறார்கள்.

கதவு திறந்தது. ஆனால் தாப்பரின் வழக்கில் தீர்ப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பு, இன்னொரு தீர்ப்பு வந்தது.

*

1950 மே 19, வெள்ளிக்கிழமை. ஏ.கே.கோபாலன் வழக்கு.

கோபாலனுக்காக வாதாடியவர் எம்.கே.நம்பியார். விசாரணை இல்லாமல் ஒரு மனிதனை அடைத்துவைப்பது உயிருக்கும் சுதந்திரத்துக்கும் அரசியல் சட்டம் தந்த உறுதியை மட்டுமல்ல, 19-வது பிரிவின் சுதந்திரங்களையும் குலைக்கிறது என்பது அவர் வாதம். சிறையில் கிடப்பவன் எங்கே பேசுவான், எங்கே கூடுவான்?

நான்கு நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. சட்டம் வகுத்த நடைமுறைப்படி ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கலாம் என்று அரசியல் சட்டமே சொல்கிறது, நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது, நடைமுறை இருக்கிறது. அந்தச் சட்டம் நியாயமானதா என்று எடைபோடும் வேலை எங்களுடையதல்ல. காவல் வைத்த காரணத்தை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்ற, தடுப்புக் காவல் சட்டத்தின் 14-வது பிரிவை மட்டும் ஒருமனதாக வெட்டி எறிந்தார்கள். கோபாலன் சிறையிலேயே இருந்தார்.

அந்த நால்வரில் பதஞ்சலி சாஸ்திரியும் ஒருவர். எதிர்த்து எழுதிய இருவரில் ஒருவர் பீகாரிலிருந்து வந்த ஃபசல் அலி. சுதந்திரம் என்பதைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்க முடியாது, உரிமைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்று அவர் வாதிட்டார். அன்று தனித்து ஒலித்த அந்தக் குரலை, 1970-களில் உச்ச நீதிமன்றமே சரியென்று ஏற்றது. அந்தக் கதைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.

இப்போது தாப்பரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அதே மார்ச் 1-ல், அதே அரசாங்கம் போட்ட உத்தரவு. அதே ஆறு பேர். தோழர் தோற்றுவிட்டார். இன்னும் ஏழு நாள்.

*

மே 26. மறுபடியும் வெள்ளிக்கிழமை.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. ஒரு வாரம் முன்பு கோபாலனை உள்ளே வைக்கலாம் என்றவர்.

அவர் முதலில் ஒன்றைத் தெளிவாக்கினார். பேச்சுச் சுதந்திரம் என்றால் எழுதிப் பெட்டியில் பூட்டிவைக்கும் சுதந்திரம் இல்லை. அது மக்களிடம் போய்ச் சேர வேண்டும். விநியோகம் இல்லாத வெளியீட்டுக்கு மதிப்பில்லை. ஆகவே இதழை வாசகரிடம் போகவிடாமல் தடுப்பது பேச்சையே தடுப்பதாகும். பாரதியின் ‘இந்தியா’வை எல்லையில் மறித்தபோது எந்த நீதிமன்றமும் இதைச் சொல்லவில்லை.

அடுத்து, விதிவிலக்குப் பட்டியலுக்கு வந்தார். 1950-ல் இருந்த பட்டியல் குறுகியது. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, நாகரிகத்துக்கும் ஒழுக்கத்துக்கும் மாறானவை, நாட்டின் பாதுகாப்பைக் குலைப்பவை அல்லது அதைக் கவிழ்க்க முனைபவை. அவ்வளவுதான். சென்னைச் சட்டமோ பொது ஒழுங்கு, பொதுப் பாதுகாப்பு என்ற பெயரில் தடை போட்டிருந்தது. பட்டியலில் பொது ஒழுங்கு இருக்கிறதா? இல்லை.

ராஜா அய்யர் இதை எதிர்பார்த்திருந்தார். பொதுப் பாதுகாப்பு என்றாலே நாட்டின் பாதுகாப்புதான் என்று வாதிட்டார். சாஸ்திரி இந்திய தண்டனைச் சட்டத்தின் 14-வது அத்தியாயத்தைத் திறந்து காட்டினார். பொதுச் சுகாதாரம், பாதுகாப்பு, வசதி ஆகியவற்றுக்கு எதிரான குற்றங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதும் அதில் ஒன்று. மவுண்ட் ரோட்டில் ஒருவன் தாறுமாறாக மோட்டார் ஓட்டினால் பொதுப் பாதுகாப்பு கெடும்தான், நாடு கவிழ்ந்துவிடுமா? (மவுண்ட் ரோடு என் சேர்க்கை. வாதம் அவருடையது.) அவ்வளவு சின்ன விஷயத்திலிருந்து கலகம் வரை எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் சொல்லை வைத்துப் பேச்சை அடக்கக் கூடாது.

சட்டத்தை நல்ல விதமாக மட்டும் பயன்படுத்துவோம் என்று அரசாங்கம் சொன்னால்? அதுவும் போதாது என்றார்கள். அனுமதித்த எல்லைக்கு உள்ளேயும் வெளியேயும் பாயக்கூடிய சட்டம் முழுமையாக விழும். இந்த வழக்கில் மிகப் பெரிய விஷயம் இதுதான் என்பேன். ஆட்சியில் இருப்பவர் நல்லவரா என்ற கேள்வியையே தீர்ப்பு எடுத்துக் கீழே வைத்துவிட்டது. குமாரசாமி ராஜா நல்ல மனிதர். அடுத்து வருகிறவர்? அதற்கடுத்தவர்?

அப்புறம் முன்ஷி நீக்க வைத்த அந்தச் சொல். வரைவில் ராஜதுரோகம் இருந்தது, சபை விவாதித்து எடுத்துவிட்டது. வ.உ.சி.யை, திலகரை, காந்தியைச் சிறைக்கு அனுப்பிய சொல். அரசாங்கத்தின் மீது வெறுப்பை வளர்ப்பது மட்டும் பேச்சை அடக்கப் போதுமான காரணமில்லை, நாட்டின் அடித்தளத்தையே ஆட்டுவதாக இருக்க வேண்டும் என்ற முடிவைத்தான் அந்த நீக்கம் காட்டுகிறது என்று சாஸ்திரி படித்தார். 1948 டிசம்பரில் சபையில் நடந்தது சொல் விளையாட்டில்லை என்பது பதினெட்டு மாதத்தில் நிரூபணமாயிற்று.

தடை ரத்து. ‘கிராஸ் ரோட்ஸ்’ சென்னைக்குள் வரலாம்.

*

அன்று இன்னொரு இதழும் ஜெயித்தது. அதன் பெயரைக் கேட்டால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆர்.எஸ்.எஸ். சார்பு வார இதழான ‘ஆர்கனைசர்’.

சென்னை உத்தரவுக்கு மறுநாள், மார்ச் 2 அன்று, டெல்லி தலைமை ஆணையர் அந்த இதழுக்கு ஒரு கட்டளை அனுப்பியிருந்தார். வகுப்புவாதம் தொடர்பான எதையும், பாகிஸ்தானைப் பற்றிய செய்தி, கருத்து, புகைப்படம், கார்ட்டூன் எதையும் அச்சிடும் முன் இரண்டு பிரதி எடுத்து அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அப்பட்டமான முன்தணிக்கை. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வெள்ளமாக வந்துகொண்டிருந்த நேரம் அது. வதந்தி ஒன்று போதும், ஒரு தெருவே கொலைக்களமாகும். அரசாங்கத்தின் கவலை வெற்றுக் கவலை இல்லை. ஆனாலும் அதே பட்டியலை வைத்து அதே ஐந்து நீதிபதிகள் அந்த உத்தரவையும் ரத்து செய்தார்கள். ‘ஆர்கனைசர்’ தரப்புக்கு வாதாடியவர் இந்து மகாசபைத் தலைவர் என்.சி.சாட்டர்ஜி.

நாட்டில் ஒருவரையொருவர் அடியோடு வெறுத்த இரண்டு தரப்புகள். ஒரே நாளில், ஒரே காரணத்தால், ஒரே பேனாவால் காப்பாற்றப்பட்டன. எல்லோருக்கும் பிடித்த பேச்சுக்குக் காவல் தேவையே இல்லை. இந்திய மண்ணில் பேச்சுரிமை முதன்முதலில் நிலைநாட்டப்பட்டது அரசாங்கத்துக்கு அறவே பிடிக்காத இரண்டு இதழ்களால்தான். தனக்குப் பிடித்த தரப்பு பாதிக்கப்படும்போது மட்டும் பேச்சுரிமை பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1950 மே 26 நினைவுக்கு வருகிறது.

ஆறாவது நீதிபதி? அவர் எதிர்த்து எழுதினார். ஃபசல் அலி.

ஆம், ஒரு வாரம் முன்பு கோபாலனின் பக்கம் நின்ற அதே ஃபசல் அலிதான். பொது ஒழுங்கு கடுமையாகக் குலைந்தால் நாட்டின் பாதுகாப்பும் குலையத்தான் செய்யும், இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்ப முடியாது என்றார். மனிதனுக்காக வாதாடியவர் பத்திரிகைக்கு எதிராக எழுதினார். பத்திரிகையை விடுவித்த சாஸ்திரி மனிதனை உள்ளேயே வைத்தார். முரணா இது?

நான் அப்படிப் பார்க்கவில்லை. ஃபசல் அலி இரண்டு வழக்கிலும் சொன்னது ஒன்றுதான்: பிரிவுகளைத் தனித்தனிப் பெட்டியாகப் பிரிக்காதே. சாஸ்திரி இரண்டிலும் செய்ததும் ஒன்றுதான்: எழுதியிருப்பதைப் படி. கோபாலன் விஷயத்தில் எழுதியிருந்தது அரசாங்கத்துக்குச் சாதகம், தாப்பர் விஷயத்தில் எழுதாமல் விட்டது தாப்பருக்குச் சாதகம்.

இங்கேதான் அந்த வெற்றியின் பலவீனமும் இருந்தது. பத்திரிகையைக் காப்பாற்றியது ஒரு பட்டியலில் இல்லாத சொல். பட்டியலில் சொல் சேர்க்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? அதே கட்டடத்தில், சில அடி தூரத்தில் கூடிக்கொண்டிருந்த நாடாளுமன்றத்திடம்.

*

டெல்லி கொதித்தது. உள்துறை அமைச்சர் சர்தார் பட்டேல் சில வாரங்களிலேயே நேருவுக்கு எழுதினார். பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் சட்டங்களில் பெரும்பாலானவற்றின் அடித்தளத்தையே இந்தத் தீர்ப்பு தகர்த்துவிட்டது என்பது அவர் கருத்து. பட்டேலுக்கும் நேருவுக்கும் பல விஷயங்களில் ஒத்துப்போகாது. இதில் இருவர் கவலையும் ஒன்றாகச் சேர்ந்தது.

அதன்பின் நடந்தவை அந்தக் கவலைக்கு நெய் வார்த்தன. 1950 அக்டோபரில் பாட்னா உயர் நீதிமன்றம், பாரதி பிரஸ் என்ற அச்சகத்தின் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. 1931-ல் வெள்ளைக்காரன் போட்ட பத்திரிகைச் சட்டத்தில், கொலையையும் வன்முறையையும் தூண்டும் எழுத்தைத் தண்டிக்கும் பிரிவு அங்கே சோதனைக்கு வந்தது. நீதிபதி சர்ஜு பிரசாத் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினார். கொலை செய் என்று ஒருவன் ஊரெங்கும் பிரசாரம் செய்தாலும், அது நாட்டின் பாதுகாப்பைக் குலைக்காத வரை அவனைத் தடுக்க முடியாத நிலை வந்திருக்கிறதே என்று வேதனையோடு எழுதிவிட்டு, அந்தப் பிரிவை ரத்து செய்தார்.

இந்தத் தீர்ப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாஸ்திரி அப்படிச் சொல்லவே இல்லை. கொலைக்குத் தூண்டும் பேச்சு அவர் முன்னால் வழக்காக வரவும் இல்லை. பின்னாளில் உச்ச நீதிமன்றமே பாட்னாவின் வாசிப்பு தவறென்று திருத்தியது. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. அரசாங்கத்துக்குத் தேவைப்பட்ட உதாரணம் கையில் கிடைத்துவிட்டது. பார், கொலைகாரனுக்குக்கூடப் பேச்சுரிமை என்கிறார்கள்!

1950 நவம்பரில் பஞ்சாப் உயர் நீதிமன்றம் அகாலி தலைவர் மாஸ்டர் தாரா சிங் வழக்கில் இன்னும் ஒரு படி போனது. தண்டனைச் சட்டத்தின் 124-ஏ, அந்தப் பழைய ராஜதுரோகப் பிரிவே செல்லாது என்றது. பகையைத் தூண்டுவதைத் தண்டிக்கும் 153-ஏ-வையும் சேர்த்தே வீழ்த்தியது.

சென்னையிலும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. கோபாலன் வழக்கில் நம்பியாருக்குத் துணையாக நின்றவர்களில் ஒருவர், பாரிஸ்டர் வி.ஜி.ராவ். அவர் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தை, அதே 1950 மார்ச் மாதம் 10-ஆம் தேதி, சட்ட விரோத அமைப்பு என்று சென்னை அரசாங்கம் அறிவித்திருந்தது. செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ராவ் பக்கம் தீர்ப்பளித்தது. அரசாங்கம் உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போனது. அந்த அப்பீலின் முடிவு, பேச்சுரிமைக்கு எல்லை வரையும் அளவுகோலையே உருவாக்கப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

டிசம்பர் 15 அன்று பட்டேல் மறைந்தார். உள்துறை, சிறை கண்ட இன்னொரு மனிதரின் கைக்கு வந்தது. ராஜாஜி.

1951 பிறந்தது. நிலச் சீர்திருத்தச் சட்டம் பாட்னாவில் விழுந்தது. சென்னையின் வகுப்புவாரி உத்தரவு, செண்பகம் துரைராஜன் வழக்கில் ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. நில உரிமை, இடஒதுக்கீடு, பத்திரிகை என மூன்று முனையிலும் நீதிமன்றங்கள் குறுக்கே நிற்பதாக நேரு கருதினார். முதல் இரண்டிலும் அவருடைய அவசரம் எனக்குப் புரிகிறது. ஏழை உழவனையும் ஒடுக்கப்பட்ட பிள்ளையையும் காக்க வைக்க முடியாது. மூன்றாவதை அந்த இரண்டோடு ஒரே மூட்டையில் கட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. இடஒதுக்கீட்டை ஆதரிப்பவர் அந்த மசோதாவை எதிர்க்கத் தயங்கினார், பத்திரிகைச் சுதந்திரத்தைப் பேசியவர் ஜமீன்தார்களின் ஆள் என்று பேர் வாங்க நேர்ந்தது.

மே 12, 1951. நாடாளுமன்றத்தில் நேரு எழுந்தார். கையில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்த மசோதா. அரசியல் சட்டம் அமலுக்கு வந்து பதினாறு மாதம்கூட ஆகவில்லை. வயது வந்த எல்லோரும் வாக்களிக்கும் முதல் தேர்தல் இன்னும் நடக்கவில்லை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத தற்காலிக நாடாளுமன்றம் அது. எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் ஷியாம பிரசாத் முகர்ஜி. ஓராண்டுக்கு முன்புவரை நேருவின் அமைச்சரவையிலேயே இருந்து, பாகிஸ்தானோடு நேரு செய்த ஒப்பந்தத்தை எதிர்த்து வெளியேறியவர்.

மசோதா சபையின் மேஜைக்கு வந்தது. பேச்சுரிமையின் விதிவிலக்குப் பட்டியலில் மூன்று புதிய சேர்க்கைகள். பொது ஒழுங்கு: இது தாப்பருக்குப் பதில். குற்றத்துக்குத் தூண்டுதல்: இது பாட்னாவுக்குப் பதில். அயல்நாடுகளுடனான நட்புறவு: இது யாரைக் குறிவைத்தது என்பது முகர்ஜிக்கு நன்றாகத் தெரியும். போதாததற்கு, இந்தத் திருத்தம் அரசியல் சட்டம் பிறந்த நாளிலிருந்தே அமலில் இருந்ததாகக் கொள்ளப்பட வேண்டுமாம்.

முகர்ஜி மசோதாவைப் பிரித்து மூன்றாம் உட்பிரிவைப் படித்தார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, தொழில் செய்யும் உரிமை ஆகியவற்றுக்கு அரசியல் சட்டம் எல்லை வகுத்த இடங்களில் எல்லாம், விதிக்கும் கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. நியாயமானதா என்று பார்க்கும் அதிகாரம் அந்த ஒற்றைச் சொல் வழியாகத்தான் நீதிமன்றத்துக்குப் போகிறது. பேச்சுரிமைக்காக அரசாங்கம் கொண்டுவந்த புதிய பிரிவில் அந்தச் சொல்லைக் காணோம்.

மசோதா தேர்வுக் குழுவுக்குப் போனது. குழுவுக்குக் கிடைத்தது பத்து நாட்களுக்கும் குறைவான அவகாசம். குழுவின் ஒரு பக்கம் நேருவும் ராஜாஜியும் அம்பேத்கரும். மறுபக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய எதிர்ப்பாளர்கள். அந்தச் சொல் உள்ளே வருமா? வராவிட்டால், சென்னையில் வி.ஜி.ராவின் வழக்கு என்ன ஆகும்?

(தொடரும்)